309 இலக்கப் பூட்டும் ஒரு டம்ளர் டீயும்

2011 வாக்கில் ஒரு சின்ன கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் போட்டுக் கொடுப்பதுதான் தொழில். ஒரு கடைக்கு விற்றால் பக்கத்துக் கடைக்காரர் காப்பியடித்துப் போட்டுக்கொள்கிறார் என்று முதலாளி புலம்ப, லைசென்ஸ் கீ செய்கிற வேலை என் தலையில் விழுந்தது. நானும் நெட்டில் படித்துவிட்டு ஆர்எஸ்ஏ என்ற ரகசியப் பூட்டு முறையை நானே எழுதினேன். மற்றவர்கள் எழுதி வைத்த லைப்ரரி எல்லாம் எதற்கு, நமக்குத்தான் கணக்கு வருமே என்கிற திமிர்.

ஆர்எஸ்ஏ-வின் அடிப்படை எளிது. இரண்டு பெரிய பகா எண்களை எடுத்துப் பெருக்க வேண்டும். பெருக்கி வந்த எண்ணை ஊருக்கே காட்டலாம், எந்த இரண்டைப் பெருக்கினோம் என்பதை மட்டும் மூடி வைத்துக்கொள்ள வேண்டும். அந்த இரண்டும் தெரிந்தவன் லைசென்ஸ் கீயை நம் பெயரிலேயே அச்சடிக்கலாம். நான் போட்டது 1024 பிட், அதாவது 309 இலக்க எண். திரையில் நாலு வரிக்கு நீண்டு கிடந்ததைப் பார்க்கவே பெருமையாக இருந்தது.

எதிர் சீட்டில் ஒரு அண்ணன். அதிகம் பேசமாட்டார். டீ வந்த நேரத்தில் சும்மா கேட்டார்.

"தம்பி, ரெண்டு பிரைமையும் எப்படி எடுத்த?"

"ரேண்டமா ஒண்ணு எடுத்தேன்ணே. அப்புறம் அதுக்கு அடுத்து வர்ற பிரைமை எடுத்துக்கிட்டேன்."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "அந்த பெரிய நம்பரை மட்டும் எனக்கு அனுப்பு" என்றார். அனுப்பினேன். பத்து வரி பைத்தான் எழுதி எண்டர் தட்டினார். இரண்டு பகா எண்களும் திரையில் வந்து நின்றன. டீ டம்ளரில் ஆவி கூட அடங்கவில்லை, சத்தியமாக.

அன்றைக்கு நான் பட்ட அவமானத்தில்தான் இந்த விஷயத்துக்குள் விழுந்தேன், இன்னும் எழுந்திருக்கவில்லை. பெரிய எண்ணைக் காரணிப்படுத்துவது கஷ்டம் என்று எல்லோரும் சொல்கிறார்கள், சரிதான், ஆனால் எண் எவ்வளவு பெரியது என்பதை விட அதை எப்படிச் செய்தார்கள் என்பதுதான் பாதிக் கதை. அதைத்தான் எழுதப் போகிறேன்.

பள்ளிக்கூடத்தில் காரணிச் செடி போட்டிருப்போம். 2-ஆல் போகிறதா, 3-ஆல் போகிறதா, 5, 7, 11 என்று வரிசையாக வகுத்துப் பார்ப்பது. எண்ணின் வர்க்கமூலம் வரை பார்த்தால் போதும், அதற்குள் ஒன்றும் சிக்கவில்லை என்றால் அது பகா எண். நாலு இலக்கத்துக்கு இது நன்றாக வேலை செய்யும். என் 309 இலக்கத்துக்கு வர்க்கமூலமே 155 இலக்கத்தை ஒட்டி வரும். நொடிக்கு நூறு கோடி முறை வகுத்துப் பார்க்கிற இயந்திரம் இருந்தாலும் முடியாது. பிரபஞ்சத்தின் வயதை நொடிக்கணக்கில் எழுதினாலே மொத்தம் 18 இலக்கம்தான் வரும் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்படியென்றால் அந்த அண்ணன் என்ன செய்தார்? 17ஆம் நூற்றாண்டில் ஃபெர்மா என்ற பிரெஞ்சுக் கணிதர் சொன்ன வழியைச் செய்தார். 8051 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். வர்க்கமூலம் 89.7 சொச்சம். அதற்கு மேலே வரும் முழு எண் 90. 90² = 8100. அதிலிருந்து 8051-ஐக் கழித்தால் 49. அது 7². ஆக 8051 = 90² − 7², எட்டாம் வகுப்பு சூத்திரப்படி (90 − 7)(90 + 7), அதாவது 83 × 97. முடிந்தது.

இந்த 8051-க்கு ஒரு கதை உண்டு. கார்ல் பொமரன்ஸ் என்ற அமெரிக்கக் கணிதர் பள்ளியில் படிக்கும்போது ஒரு கணிதப் போட்டியில் இதைக் காரணிப்படுத்தச் சொல்லிக் கொடுத்தார்கள். வரிசையாக வகுத்துப் பார்க்காமல் ஏதோ குறுக்குவழி இருக்கும் என்று யோசித்து யோசித்தே நேரம் போய்விட்டது, கடைசியில் அவசர அவசரமாக வகுக்கத் தொடங்கி அதையும் கோட்டைவிட்டார். அவரே பின்னாளில் எழுதியது இது. அந்தப் பையன் என்ன ஆனார் என்பது கீழே வரும்.

ஃபெர்மாவின் வழி எப்போது வேகமாக வேலை செய்யும்? இரண்டு காரணிகளும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால். அப்போது இரண்டின் சராசரி, வர்க்கமூலத்தை ஒட்டியே வரும், தேடி அலைய வேண்டியதில்லை. ஜெவன்ஸ் என்ற ஆங்கிலேயப் பொருளியல் அறிஞர் 1874-இல் தன் புத்தகத்தில் 8616460799 என்ற எண்ணைப் போட்டு, இது எந்த இரண்டு எண்களின் பெருக்கல் என்று என்னைத் தவிர யாருக்கும் தெரியவரும் என்று தோன்றவில்லை என்கிற மாதிரி எழுதிவைத்தார். புத்தகம் வந்து 30 வருடம் ஆவதற்குள் விடை அச்சில் வந்துவிட்டது. ஃபெர்மா வழியில் 92825-இல் தொடங்கி ஒவ்வொன்றாக ஏறினால் 56ஆவது முயற்சியில், 92880-இல் சிக்கிக்கொள்ளும்: மிச்சம் 10233601, அது 3199². காரணிகள் 89681, 96079.

56 முறை பத்து இலக்க எண்ணை வர்க்கம் எடுக்க வேண்டுமா என்று பயப்பட வேண்டாம். ஒரு வர்க்கத்திலிருந்து அடுத்த வர்க்கத்துக்குப் போக ஒரு கூட்டல் போதும். அப்புறம், வர்க்க எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் நூறு விதமாக வராது, 22 விதமாகத்தான் வரும். ஆகவே முக்கால்வாசி முயற்சிகளைக் கடைசி இலக்கங்களைப் பார்த்தே தள்ளிவிடலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் காகிதத்தில் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். இரண்டு இடத்தில் கூட்டல் தப்பாகப் போய்த் திரும்பப் போட்டேன், இருந்தாலும் சாயங்காலக் காபிக்கு முன்னால் வந்துவிட்டது.

இப்போது என் தப்பு புரிந்திருக்கும். 155 இலக்கத்தில் அடுத்தடுத்த இரண்டு பகா எண்களுக்கு இடையே சராசரியாக 350 சொச்சம்தான் இடைவெளி இருக்கும். அந்த அளவு எண்ணில் 350 என்பது தூசு. ஃபெர்மா வழியில் 56 முயற்சி கூடத் தேவையில்லை, முதல் முயற்சியிலேயே சிக்கிவிடும். அண்ணனின் பத்து வரியில் எட்டு வரி பெரிய எண்ணுக்கு வர்க்கமூலம் எடுப்பதற்குத்தான்.

நான் ஒருவன்தான் முட்டாள் என்று நினைத்திருந்தேன். 2022-இல் ஹன்னோ பெக் என்ற ஜெர்மன் ஆய்வாளர் இணையத்தில் கிடைக்கும் பொதுச் சாவிகளையெல்லாம் (ஊருக்குக் காட்டுகிற அந்தப் பெருக்கிய எண்களை) திரட்டி இதே ஃபெர்மா வழியை ஓட்டிப் பார்த்தபோது, பெயர் பெற்ற கம்பெனிகளின் பிரிண்டர்கள் உருவாக்கிய சாவிகள் உடைந்தன. ஃபெர்மா சொல்லி 350 வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது! செய்தியைப் படித்தபோது மனசுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது, மறைப்பானேன்.

சரி, பகா எண்கள் தள்ளித்தான் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் வேறு ஓட்டைகள் உண்டு. பகா எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்தால் வரும் எண் சின்னச் சின்னக் காரணிகளாகவே உடைந்தால் (97-ஐப் பாருங்கள், 96 என்பது வெறும் 2-களும் ஒரு 3-உம்தான்) அதைப் பிடிக்க 1974-இல் பொலார்ட் என்ற கணிதர் ஒரு வழி கொடுத்தார். அடுத்த வருடமே அவர் கொடுத்த ரோ முறை, மற்ற காரணிகள் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் ஒரு காரணி சின்னதாக இருந்தால் தேடிப் பிடித்துவிடும். 1980-இல் 78 இலக்கமுள்ள எட்டாம் ஃபெர்மா எண்ணிலிருந்து (2-இன் 256ஆம் அடுக்கோடு ஒன்று) 1238926361552897 என்ற காரணியை உருவி எடுத்தது அதன் மாற்று வடிவம் ஒன்றுதான்.

எனக்கு மிகவும் பிடித்த ஓட்டை இன்னொன்று. ஒரு எண்ணைத் தனியாக உடைக்க முடியவில்லையா, இரண்டு எண்களைப் பக்கத்தில் வைத்துப் பார். மேலே பார்த்த 8051, அதோடு 1649 என்று இன்னொன்று. இரண்டுக்கும் பொதுவாக ஒரு பகா எண் இருந்தால், மீப்பெரு பொதுக் காரணி எடுத்தாலே அது வெளியே வந்துவிடும். யூக்ளிட் வழியில் போடுவோம். 8051-ஐ 1649-ஆல் வகுத்தால் மீதி 1455. 1649-ஐ 1455-ஆல் வகுத்தால் மீதி 194. 1455-ஐ 194-ஆல் வகுத்தால் மீதி 97. 194-இல் 97 மீதியில்லாமல் போகிறது. ஆக 97. நாலே வகுத்தலில் இரண்டு எண்களும் ஒரே நேரத்தில் உடைந்துவிட்டன, எதையும் காரணிப்படுத்தவே இல்லை. முன்னூறு இலக்கமாக இருந்தாலும் கணினிக்கு இது கண் சிமிட்டும் நேரம்.

நிஜத்தில் இப்படி யாராவது ஒரே பகா எண்ணை இரண்டு சாவியில் போடுவார்களா என்றால், போட்டிருக்கிறார்கள். 2012-இல் நாதியா ஹெனிங்கர் முதலானோர் இணையம் முழுக்கச் சாவிகளைத் திரட்டி இந்த மீ.பொ.கா. கணக்கைப் போட்டார்கள். பாதுகாப்பான இணைப்பு தரும் சர்வர்களில் சுமார் 0.5 சதவீதத்தின் ரகசியச் சாவி கையில் வந்துவிட்டது. அதே நேரத்தில் லென்ஸ்ட்ரா என்ற கணிதரின் குழுவும் தனியாக இதையே கண்டுபிடித்தது. பெரும்பாலும் ரவுட்டர், ஃபயர்வால் மாதிரிப் பெட்டிகள். சுவிட்ச் போட்டவுடனே சாவி உருவாக்கச் சொன்னால் அதற்கு ரேண்டம் எங்கிருந்து வரும்? எல்லாப் பெட்டியும் ஒரே மாதிரி விழித்து, ஒரே முதல் பகா எண்ணை எடுத்துக்கொண்டு, அதற்கப்புறம்தான் வேறு வேறு பாதையில் போயிருக்கின்றன.

இடையில் ஒன்று. ஒரு எண் பகு எண்ணா என்று கண்டுபிடிப்பது வேறு, அதை உடைப்பது வேறு. நான் ரொம்ப நாள் இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன். முதலாவது எளிது. ஃபெர்மாவின் சிறிய தேற்றப்படி, ஏதாவதொரு எண்ணுக்கு, சோதிக்கிற எண்ணில் ஒன்று குறைவான அடுக்கு போட்டு, சோதிக்கிற எண்ணால் வகுத்து மீதி 1 வருகிறதா என்று பார்த்தாலே பெரும்பாலான பகு எண்கள் மாட்டிக்கொள்ளும். சில போலிகள் தப்பிக்கும், அதில் நம் ராமானுஜனின் 1729 ஒன்று. டாக்ஸி நம்பர், இரண்டு விதமான கனங்களின் கூடுதல் என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் 7 × 13 × 19 ஆன இந்த எண், அந்த மூன்றில் எதனாலும் வகுபடாத எந்த எண்ணை வைத்துச் சோதித்தாலும் பகா எண் மாதிரியே நடிக்கும் என்பது எனக்கே பிறகுதான் தெரிந்தது. காரணம், ஒன்று குறைத்தால் வரும் 1728. 7, 13, 19-இல் ஒன்று குறைத்த 6, 12, 18 மூன்றாலும் அது வகுபடும். இந்தப் போலிகளையும் பிடிக்கிற சோதனைகள் எப்போதோ வந்துவிட்டன. 2002-இல் கான்பூர் ஐஐடியின் அகர்வால், கயல், சக்சேனா மூவரும் பகா எண் சோதனை எந்த அளவுக்கும் சுருக்கமாக முடிகிற வேலைதான் என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபித்தார்கள். ஆனால் அந்தச் சோதனை, பகு எண் என்று சொல்லிவிட்டு அதோடு நின்றுவிடும். எதனால் வகுபடும் என்று சொல்லாது.

அந்த இடைவெளியில் 27 வருடம் கிடந்த எண் ஒன்று உண்டு. 2-இன் 67ஆம் அடுக்கில் ஒன்று குறைவு: 147573952589676412927. அது பகா எண் இல்லை என்று லூக்கா என்ற பிரெஞ்சுக் கணிதர் 1876-இல் காட்டிவிட்டார், காரணிதான் யாருக்கும் தெரியாது. 1903 அக்டோபரில் நியூயார்க்கில் ஒரு கணிதக் கூட்டத்தில் ஃபிராங்க் நெல்சன் கோல் எழுந்து போய், ஒரு வார்த்தை பேசாமல் கரும்பலகையின் ஒரு பக்கம் 2-ஐப் பெருக்கிப் பெருக்கி ஒன்றைக் கழித்தாராம், மறுபக்கம் 193707721 × 761838257287 என்று கையால் பெருக்கினாராம். இரண்டும் ஒன்றாக வந்ததும் போய் உட்கார்ந்துவிட்டாராம், கைதட்டல் அடங்கவில்லையாம். எவ்வளவு நாள் ஆயிற்று என்று கேட்டதற்கு மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள் என்றாராம். இத்தனை 'ஆம்' போடக் காரணம், இது சொல்லிச் சொல்லி மெருகேறிய கதை. காரணிகள் உண்மை, பெருக்கிப் பார்த்தேன்.

சரி, ஓட்டையே இல்லாமல் ஒழுங்காகச் செய்த எண் என்றால் என்ன வழி? அங்கேதான் 8051-ஐக் கோட்டைவிட்ட பையன் திரும்ப வருகிறார். 1981-இல் பொமரன்ஸ் கொடுத்த இருபடிச் சல்லடை. 1649-ஐ வைத்தே காட்டுகிறேன். ஃபெர்மா வழியில் போனால் 41² − 1649 = 32, வர்க்கம் இல்லை. 42² எடுத்தால் மிச்சம் 115, இல்லை. 43² எடுத்தால் 200, இல்லை. இப்படியே போனால் 17ஆவது முயற்சி வரை இழுக்கும். ஆனால் 32-ஐயும் 200-ஐயும் பெருக்கிப் பாருங்கள். 6400. அது 80²! தனித்தனியாக உருப்படாத இரண்டு சேர்ந்து ஒரு வர்க்கமாகிவிட்டது. அந்தப் பக்கம் 41 × 43 = 1763, அதை 1649-ஆல் வகுத்தால் மீதி 114. 114 − 80 = 34. 34-க்கும் 1649-க்கும் மீ.பொ.கா. 17. 114 + 80 = 194 பக்கம் போனால் 97. உடைந்தது.

நடுவில் வந்த 115-ஐ ஏன் தொடவில்லை? அதில் 23 இருக்கிறது, அதற்கு ஜோடியாக இன்னொரு 23 எளிதில் கிடைக்காது. 32-இலும் 200-இலும் வெறும் 2-உம் 5-உம்தான். சின்னப் பகா எண்களால் மட்டுமே ஆன மிச்சங்களைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும், மற்றதைத் தள்ள வேண்டும். ஆயிரம் கோடிக் கணக்கான எண்களில் இப்படிப்பட்டவற்றை ஒவ்வொன்றாக வகுத்துத் தேடாமல், மாவு சலிக்கிற மாதிரி மொத்தமாகச் சலித்து எடுப்பதுதான் பொமரன்ஸின் தந்திரம். சலித்து எடுத்ததில் எதை எதைச் சேர்த்தால் எல்லா அடுக்கும் இரட்டைப்படையாகும் என்று பார்ப்பது பெரிய அணிக் கணக்கு.

இந்தச் சல்லடைக்குப் பலியான பிரபல எண் ஆர்எஸ்ஏ-129. 1977-இல் ரிவெஸ்ட், ஷமிர், ஆடில்மன் மூவரும் தங்கள் முறையை அறிமுகப்படுத்தும்போது, 129 இலக்கத்தில் ஒரு எண்ணைக் கொடுத்து, அதைக் கொண்டு ஒரு வாசகத்தைப் பூட்டி, திறப்பவருக்கு 100 டாலர் என்றார்கள். உடைக்க 400 கோடி கோடி ஆண்டு ஆகும் என்று அப்போது ஒரு கணக்கு வெளியானது. 17 வருடத்தில், 1994 ஏப்ரலில் உடைந்தது. சுமார் 600 பேர் தங்கள் கணினிகளில் மிச்ச நேரத்தைக் கொடுத்து, எட்டு மாதம் சலித்து, மின்னஞ்சலில் அனுப்பிச் சேர்த்தார்கள். சும்மா கிடந்த கணினிகளோடு இரண்டு ஃபேக்ஸ் இயந்திரமும் சலித்தனவாம்! திறந்து பார்த்தால் உள்ளே இருந்த மந்திரச் சொல், எலும்பு தின்னும் கழுகு ஒன்று குமட்டலில் இருக்கிறது என்கிற மாதிரி ஒரு சம்பந்தமில்லாத சொற்கோவை. அதை எழுதியவர்களே திறக்கப்படும் என்று நினைத்திருக்கமாட்டார்கள்.

அதற்கப்புறம் எண்புலச் சல்லடை என்று அடுத்த தலைமுறை வந்தது. அதன் உள்விவரம் இங்கே சொல்ல முடியாது, எனக்கே பாதிதான் பிடிபட்டிருக்கிறது. 2020 பிப்ரவரியில் 250 இலக்க ஆர்எஸ்ஏ எண்ணை உடைத்தது அதுதான். கணினிச் சில்லின் ஒரே ஒரு கோர் மட்டும் ஓடியிருந்தால் 2700 வருடம் ஆகியிருக்கும். இன்று சாதாரணமாகப் பயன்படும் 2048 பிட் என்பது 617 இலக்கம், பக்கத்தில் கூட யாரும் போகவில்லை. குவாண்டம் கணினி வந்தால் எல்லாம் போச்சு என்பார்கள். 1994-இலேயே ஷோர் என்ற கணிதர் அதற்கான வழியை எழுதிவிட்டார், 2001-இல் ஐபிஎம்-மில் அந்த வழியில் 15-ஐ 3 × 5 என்று உடைத்துக் காட்டினார்கள். அதைப் பற்றி இன்னொரு நாள்.

எனக்கும் சலித்துப் பார்க்கும் ஆசை வந்தது. பழைய லேப்டாப் ஒன்றில் யாஃபு என்ற இலவச மென்பொருளைப் போட்டு, நானே செய்த எண்களைக் கொடுத்தேன் (இந்த முறை தள்ளித் தள்ளி எடுத்த பகா எண்கள்!). 80 இலக்கம் சில நிமிடத்தில் போனது. 95 இலக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுத்தது. 120 இலக்கத்துக்கு எண்புலச் சல்லடையை ஓட விட்டு இரண்டு நாள் மூடியைத் திறந்தபடியே அடுப்படிப் பக்கத்து மேஜையில் வைத்திருந்தேன், ஃபேன் போட்ட சத்தத்தில் அம்மா வந்து "என்னடா இது, மிக்ஸி மாதிரி கத்துது, யாராவது காசு தர்றாங்களா இதுக்கு?" என்றார். நடுவில் கரண்ட் போய் பேட்டரியும் தீர்ந்து ஒருமுறை அணைந்தது. நல்லவேளை, சலித்து வைத்தது கோப்பில் பத்திரமாக இருந்தது, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. கடைசியில் இரண்டு 60 இலக்க எண்கள் வந்தன. நான் போட்டுக் கொடுத்த அதே எண்கள்தான். இருந்தாலும் பார்த்தபோது ஒரு சந்தோஷம்.

அந்த லைசென்ஸ் கீ என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அன்றைக்கே இரண்டு பகா எண்ணையும் தனித்தனியாக ரேண்டமாக எடுக்கிற மாதிரி மாற்றினேன், அது போதும், தற்செயலாக இரண்டும் பக்கத்தில் விழ வாய்ப்பே இல்லை. மறுவாரம் நான் எழுதிய புரோகிராம் முழுவதையும் அழித்துவிட்டு ஒழுங்கான லைப்ரரிக்கு மாறினேன், அதுவும் அந்த அண்ணன் சொல்லித்தான்.

பழைய 309 இலக்க எண்ணை மட்டும் தூக்கிப் போடவில்லை. இப்போது வேலை பார்க்கும் இடத்தில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அதைக் கொடுத்து உடைத்துப் பாருங்கள் என்பேன். முக்கால்வாசிப் பேர் லினக்ஸில் ஃபேக்டர் கட்டளையைத் தட்டிவிட்டு சாப்பிடப் போய்விடுவார்கள், வந்து பார்த்தாலும் அது அப்படியே நிற்கும். போன மாதம் சேர்ந்த ஒரு பெண் மட்டும் எண்ணைக் கொஞ்ச நேரம் வெறித்துப் பார்த்துவிட்டு, வர்க்கமூலம் எடுத்து, மேலே ஏற்றி, வர்க்கம் போட்டுக் கழித்தாள். வந்துவிட்டது. திரும்பி என்னைப் பார்த்து, "அண்ணா, ரெண்டும் அடுத்தடுத்த பிரைமா இருக்கு. இந்த கீயை யாரு போட்டது?" என்றாள்.

"தெரியலம்மா, முன்னாடி இருந்தவங்க யாரோ" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.